துடக்குக்கு மட்டும் மருமகள்

என் மாமனார் இறந்த செய்தியை ஊர் உலகத்தோடு சேர்ந்து நானும் பேப்பரில் படித்தேன். உயிர் பிரிந்தபோது அவருடைய தலை என் கைமேல்தான் இருந்தது. ஆனால் அந்த மரண அறிவித்தலின்படி பார்த்தால், அப்படி ஒருத்தி அந்த வீட்டிலேயே கிடையாது.

அறிவித்தல் இப்படி இருந்தது. "இணுவிலைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட, ஓய்வுபெற்ற தபால் அதிபர் சோமசேகரம் அவர்கள் இறைபதம் அடைந்தார். அன்னார் காலஞ்சென்ற அருந்ததியின் அன்புக் கணவரும், கோபிசங்கர் (கனடா), பத்மாசினி, ஜெயதீபன் ஆகியோரின் பாசமிகு தந்தையும், துஷாந்தினி (கனடா), தியாகலிங்கம் ஆகியோரின் அன்பு மாமனாரும், தாரிகாவின் அன்புப் பாட்டனாரும் ஆவார்."

துஷாந்தினி மூத்த மருமகள். பதினைந்து வருடத்தில் இரண்டு தடவை இந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள், இரண்டு தடவையும் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு வாரத்தில் கொழும்புக்குப் போய்விட்டாள். தியாகலிங்கம் மகள் பத்மாசினியின் கணவர், தாரிகா அவர்களுடைய பெண். ஜெயதீபன் என் கணவர். அவருக்கு மட்டும் மனைவியே இல்லை. நான்கு தடவை படித்தேன். அடைப்புக்குறிக்குள் கனடா என்ற நாட்டுக்கு இரண்டு இடம் கொடுத்திருந்தார்கள், எனக்கு ஒன்றுகூட இல்லை.

என் பெயர் இசக்கியம்மாள். இந்தியாவில் திருநெல்வேலிப் பக்கம் களக்காடு. இசக்கி எங்கள் ஊர்த் தெய்வம், தனக்குச் செய்ததை மறக்காத தெய்வம். அந்தப் பெயரை எனக்கு வைத்தவர்கள் யோசித்து வைத்தார்களா, யோசிக்காமல் வைத்தார்களா என்று தெரியாது. பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் எட்டு வருடம் நர்சாக இருந்தேன். எங்கள் வார்டு ஏசியைப் பழுது பார்க்க வந்தவர்தான் ஜெயதீபன். ஏணிமேல் நின்றுகொண்டு, "சிஸ்டர், ஒருக்கா அந்தச் சுவிச்சைப் போடுங்கோ" என்றார். அந்த "ஒருக்கா"வில் விழுந்தேன். களக்காட்டு அம்மன் கோயிலில் தாலி கட்டி, பதிவும் செய்தோம். அவருடைய வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. விசா கிடைக்கவில்லை என்றார்கள். நானும் நம்பினேன்.

மூன்று வருடத்துக்கு முன் மாமாவைப் பாரிசவாதம் சாய்த்துப்போட்டது. ஜெயதீபன், "இனி ஊரோடை இருப்பம், இசக்கி. மருதனார்மடத்திலை ஒரு கடையைப் போட்டால் ஏசி வேலை தாராளமாக் கிடைக்கும்" என்றார். நான் சரி என்றேன். வெளிநாடு என்றால் குளிர் நாடு என்று நினைத்துக்கொண்டிருந்த என் அத்தைமார், "ஒரு வெயில்ல இருந்து இன்னொரு வெயிலுக்குப் போறதுக்கு எதுக்குடி பாஸ்போர்ட்டு?" என்று சிரித்தார்கள். அவர்கள் சொன்னதும் சரிதான். அதே வெயில், அதே வாழை, அதே பனை, ஏன், அதே தமிழ். ஆனால் இதே வெயிலில் நிற்க எனக்கு வருடா வருடம் விசா புதுப்பிக்கவேண்டும். அதற்கு என் கணவர் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் கொடுக்கவேண்டும்: இவர் என் மனைவி, என்னோடு என் வீட்டில் வசிக்கிறார். அரசாங்கத்துக்கு மூன்று தடவை அப்படி எழுதிக் கொடுக்க அவருடைய கை கூசவில்லை.

பழகிக்கொண்டேன். கேத்தலின் அடியில் வெள்ளையாய்ப் படிகிற சுண்ணாம்பைப் பழப்புளி போட்டுத் தேய்க்கப் பழகினேன். புட்டு அவிக்கப் பழகினேன். நாத்தனாரை மச்சாள் என்று கூப்பிடப் பழகினேன். கடையில் என்னைப் பார்த்து, "இந்தியாவோ பிள்ளை? எந்த ஊர்? என்ன ஆக்கள்?" என்று கேட்பவர்களுக்கு, "நல்ல ஆக்கள்" என்று பதில் சொல்லப் பழகினேன். இந்தக் கேள்வி எங்கள் ஊரிலும் உண்டு. அங்கே சுற்றி வளைத்துக் கேட்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

மாமாவுக்கு வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்கவேண்டும், இல்லையென்றால் முதுகு புண்ணாகிவிடும். மூன்று வருடமும் அவருடைய முதுகில் ஒரு பொட்டுப் புண் கிடையாது. வந்து பார்த்த டாக்டர், "ஆர் பாக்கிறது இவரை?" என்று கேட்டபோது, மாமா இடது கையைத் தூக்கி என்னைக் காட்டினார். "பிள்ளை" என்ற ஒரு சொல்தான் அவருக்குத் தெளிவாக வரும். பத்மாசினி மச்சாள் ஞாயிறுதோறும் வருவார். வாசல் கதவோடு நின்று, "அப்பா, சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டுவிட்டு, கட்டில் விரிப்பை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டுப் போவார். பக்கத்து ஒழுங்கையில்தான் வீடு.

மாமா ஒரு வியாழக்கிழமை விடியற்காலை போனார். நான் அழுதேன். பெற்ற அப்பாவுக்கு அழுத மாதிரியே அழுதேன். மறுநாள் பேப்பர் வந்தது.

செத்தவீட்டில் கொள்ளிவைக்கிற மகனுக்குக் கிரியைகள் ஓயாது. மூத்தவர் கனடாவில் இருந்து வரமுடியாமல் போனதால் எல்லாம் ஜெயதீபன் தலையில். அவருடைய கைப்பேசி என் கையில் இருந்தது. அறிவித்தலின் அடியில் அந்த எண்ணைத்தான் போட்டிருந்தார்கள். உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் அழைப்பு வந்தது. அதில் ஒன்று ஜெர்மனியிலிருந்து. பிலிப்பு என்று ஒரு பெரியவர், மாமாவோடு ஒரே கந்தோரில் வேலை பார்த்தவராம்.

"ஆர் பிள்ளை கதைக்கிறது?"

"நான் மருமக பேசுதேன், ஐயா."

"ஓ, துஷாந்தினியோ? கனடாவிலையிருந்து வந்திட்டீரோ?"

"இல்லைங்க ஐயா. நான் இசக்கியம்மாள். ஜெயதீபன் வீட்டுக்காரி."

கடதாசி புரளுகிற சத்தம் கேட்டது. மனிதர் அறிவித்தலை அச்சடித்துக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறார். "அப்பிடி ஒருதரும் இதிலை இல்லையே, பிள்ளை" என்றார். குரலில் கேலி இல்லை. அதனால்தான் அப்படிச் சுட்டது. "வீட்டிலை உதவிக்கு நிக்கிறீர் போலை. சரி சரி. சோமரின்ரை ஆக்களிட்டைச் சொல்லிவிடும், பிலிப்பு எடுத்தவர் எண்டு."

சொல்லிவிடுகிறேன் என்றேன். போனை வைத்தேன். அதே கைப்பேசியில் வாட்ஸ்அப்பைத் திறந்தேன். யார் எழுதியது, எப்போது எழுதியது என்று தெரியவேண்டியிருந்தது. அங்கே இருந்தது. காலை ஆறு பத்துக்கு மச்சாள் முழு அறிவித்தலையும் அனுப்பியிருக்கிறார்: "தம்பி, பார்த்துச் சொல்லு, பேப்பருக்குக் குடுக்கவேணும்." ஆறு பதினொன்றுக்கு என் கணவர் பெருவிரல் படம் ஒன்றை அனுப்பியிருக்கிறார். கட்டைவிரலைத் தூக்கி, சரி என்று காட்டுகிற படம். ஒரே நிமிடம். அந்த நிமிடத்தில் நான் பக்கத்து அறையில் மாமாவைக் குளிப்பாட்ட வெந்நீர் கலந்துகொண்டிருந்தேன்.

உடல் எடுத்த மறுநாள் காலை மச்சாளிடமே நேராகக் கேட்டேன். "என் பேரை ஏன் விட்டீங்க?"

மச்சாள் மழுப்பவில்லை. அந்த மட்டில் அவரைப் பாராட்டவேண்டும். "தாரிகாவுக்குப் பேச்சுக்கால் நடக்குதெல்லே. மாப்பிளை பகுதி பேப்பரைப் பாக்கும். இசக்கியம்மாள் எண்டு கிடந்தால், ஆரிது, எந்த ஊர், என்ன ஆக்கள் எண்டு விசாரிப்பினம். நான் என்னத்தைச் சொல்ல? உமக்கு உது விளங்காது. எங்கடை ஊர் அப்பிடி."

"ஒங்க அப்பாவை மூணு வருஷம் தூக்கி எறக்கினப்போ, நான் என்ன ஆளுன்னு நீங்க கேக்கலியே, மச்சாள்?"

"அது வேறை. இது வேறை" என்றார்.

கணவரிடம் கேட்டேன். நாலு முழ வேட்டியோடு தரையில் படுத்திருந்தார். கண்கள் வீங்கியிருந்தன. பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

"நான் வாசிக்கேல்லையப்பா. அப்பா செத்துக் கிடக்கேக்கை ஆர் உதுகளை வாசிப்பினம்?" என்றார். பிறகு திரும்பிப் படுத்துக்கொண்டு, "ஒரு பேப்பரிலை வந்தாலென்ன, வராட்டிலென்ன? நீ ஆரெண்டு எனக்குத் தெரியும்தானே" என்றார்.

அந்த வாக்கியத்தை அப்படியே மடித்து மனதில் வைத்துக்கொண்டேன்.

இத்தோடு நின்றிருந்தால் ஒருவேளை நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். நாலாம் நாள் மச்சாள் தலைமுழுகி, மஞ்சள் சேலை கட்டி, விபூதி பூசி வந்தார். செத்தவீட்டுத் தீட்டை இங்கே துடக்கு என்பார்கள். அது உள்ளவர்கள் முப்பத்தொரு நாள் கோயில் பக்கமே போகக்கூடாது. வெள்ளை கட்டிக்கொண்டு வீட்டோடு கிடக்கவேண்டும். மச்சாளுக்கு எப்படி நாலாம் நாளே விட்டது என்று விழித்தேன்.

"கட்டிக்குடுத்த பொம்பிளைப் பிள்ளையளுக்கு மூண்டு நாள்தான். ஐயரைக் கேட்டனான்" என்றார். "நாளையிண்டைக்கு எங்கடை அம்மன் கோயில் கொடியேற்றம். ஆறாம் திருவிழா எங்கடை உபயம். நீர் ஒழுங்கை முகப்புக்கும் போகாதையும். உமக்கு முப்பத்தொண்டும் இருக்கு."

"எனக்கா?"

"பின்னை? நீர் மருமோளெல்லே."

பெயர் போட நான் மருமகள் இல்லை. தீட்டுச் சுமக்க மட்டும் மருமகள். கறிவேப்பிலையாவது குழம்பில் ஒரு கொதி கொதித்த பிறகுதான் எடுத்துப் போடுவார்கள். "சரி, மச்சாள்" என்றேன். என் பணிவைப் பார்த்து அவருக்கே கொஞ்சம் சந்தேகம் வந்திருக்கவேண்டும், போகும்போது இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார்.

கொடி ஏறியது. அம்மன் கோயில் எங்கள் ஒழுங்கை ரோட்டைத் தொடுகிற இடத்தில் இருக்கிறது. ஸ்பீக்கரை மின்கம்பம் மின்கம்பமாகக் கட்டியிருந்தார்கள். அதில் ஒன்று எங்கள் வாசல் கம்பத்தில். தியாகலிங்கம் அத்தான் கோயில் சபைத் தலைவர். மாலைப் பூசைக்கு முன் யாராவது ஒருவர் அன்றைய உபயகாரர்களின் பெயர்களை மைக்கில் வாசிப்பார்கள். ஐந்து நாளும் நான் வீட்டுக்குள் இருந்து அந்தப் பெயர்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த ஊரில் பெயர் வாசிப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த ஐந்து நாளில்தான் முழுதாகப் புரிந்தது. மருதனார்மடம் சந்தியில் மரக்கறி வாங்குகிறவருக்குக்கூடக் கேட்கும். அது வயர் இல்லாத மைக். வாசிப்பவர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு வீதி முழுக்க நடப்பார்கள். அதையும் கவனித்தேன்.

ஆறாம் திருவிழா அன்று மாலை குளித்தேன். கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் பட்டைக் கட்டினேன். பூ வைத்தேன். தட்டில் தேங்காய், வெற்றிலை, கற்பூரம். அடியில் மடித்த பேப்பர் துண்டு. ஜெயதீபன் அறைக்குள் வெள்ளை வேட்டியோடு படுத்திருந்தார். அவர் பார்ப்பதற்குள் படலையைத் திறந்துகொண்டு போய்விட்டேன்.

ஒன்று சொல்லவேண்டும். அம்மனோடு எனக்கு ஒரு வழக்கும் இல்லை. நான் கோயிலுக்குள் போகவில்லை. வாசலுக்குப் பத்தடி இப்பால், தார் ரோட்டில், செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன்.

வாசலில் ஏரம்பு அண்ணை காவல். எங்கள் ஒழுங்கைக்காரர், காது மூக்கு எல்லாம் கூர்மை. என்னைப் பார்த்ததும் பதறிவிட்டார். "பிள்ளை, என்ன இது? உனக்குத் துடக்கெல்லே!"

"எனக்கு எதுக்கு அண்ணை? நான் யாரு அந்த வீட்டுக்கு? இதை வாசிச்சுப் பாருங்க." பேப்பர் துண்டை நீட்டினேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாய்விட்டு வாசித்தார். துஷாந்தினி, தியாகலிங்கம் ஆகியோரின் அன்பு மாமனாரும் என்ற இடத்தில் நின்றார். மறுபடி வாசித்தார். சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. "உண்மைதான், பிள்ளையின்ரை பேர் இல்லை" என்றார் ஒரு பெண். "அப்ப துடக்கும் இல்லைத்தானே?" என்றாள் இன்னொருத்தி. யாரோ சிரித்தார்கள்.

உள்ளே பெயர் வாசித்துக்கொண்டிருந்த மச்சாளுக்குச் சலசலப்புக் கேட்டிருக்கிறது. மைக்கைக் கையில் பிடித்தபடியே வாசலுக்கு விரைந்து வந்தார். கூறைச் சேலையும் கொண்டையும் நகையுமாக நல்ல வடிவாக இருந்தார். என்னைப் பார்த்தார். என் தட்டைப் பார்த்தார்.

"உவளை உள்ளை விடாதேங்கோ!" என்றது மச்சாளின் குரல், ஒழுங்கை முழுக்க, ஊர் முழுக்க. "உவள் துடக்குக்காரி!"

"யாருக்கு வந்த துடக்கு, மச்சாள்?" என்றேன். என் குரல் என் வாயோடு இருந்தது. "நான் யாரு ஒங்களுக்கு?"

"ஆரோ? நீ என்ரை தம்பியின்ரை பெண்சாதி! எங்கடை அப்பாவின்ரை மருமோள்! மூண்டு வருசம் அவரைத் தூக்கிப் பறிச்சு, பீ மூத்திரம் அள்ளி, உன்ரை கையிலை அவற்றை உயிர் போச்சு. உனக்கில்லாத துடக்கு ஆருக்கடி?"

சொல்லி முடித்த பிறகுதான், மின்கம்பத்தில் இருந்து தன் குரலே திரும்பி வருவதை அவர் கேட்டார். கையில் இருந்த மைக்கைப் பார்த்தார். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். மறக்க விருப்பமும் இல்லை. தியாகலிங்கம் அத்தான் ஓடிவந்து மைக்கை வாங்கி நிறுத்தினார். வாங்கி என்ன, சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது.

"அப்படியா மச்சாள்? சரி. மருமகள்னா கோயிலுக்கு வரக்கூடாதுதான்" என்றேன். தட்டை ஏரம்பு அண்ணை கையில் கொடுத்தேன். "அத்தான் பேருக்கு அர்ச்சனை செஞ்சிருங்க, அண்ணை." திரும்பி வீட்டுக்கு நடந்தேன்.

நடக்கும்போது இனித்தது. வருத்தம் வரவேண்டும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. மாமாவுக்குக் கேட்டிருந்தால் இடது கையைத் தூக்கிக் காட்டியிருப்பார்.

வாசலில் ஜெயதீபன் நின்றிருந்தார். எங்கள் கம்பத்து ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். "சந்தோசமோ இப்ப? எங்கடை குடும்பத்தைச் சந்தி சிரிக்க வைச்சிட்டாய்" என்றார்.

எங்கடை குடும்பம். அதற்குள் நான் இருக்கிறேனா இல்லையா என்று கேட்கவில்லை. இவ்வளவு நடந்த பிறகும், "அக்கா செய்தது பிழை" என்று அவருடைய வாயில் வரவில்லை. "நான் வாசிச்சிருக்கவேணும்" என்றும் வரவில்லை. மச்சாளின் கணக்கு அன்றோடு தீர்ந்தது. அவர் எதிரியாக நின்று அடித்தார், எதிரியாக வாங்கினார். என்னோடு ஒரே பாயில் படுக்கிறவரின் கணக்கு மிச்சம் இருந்தது.

இரண்டு நாள் கழித்துத் தியாகலிங்கம் அத்தான் வந்தார். நல்ல மனிதர், வாய் பேசாதவர். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க நினைவு மலர் அடிக்கவேண்டும். மாமாவின் படம், வாழ்க்கை வரலாறு, தேவாரங்கள், கடைசியில் குடும்ப விபரம். "அவ இனி உதிலை கை வைக்கமாட்டாவாம். உம்மடை முகத்தையும் பாக்கமாட்டாவாம்" என்று அத்தான் தலையைச் சொறிந்தார். "நீரே எழுதி, ஜெயதீபனிட்டைக் காட்டிப்போட்டு அச்சகத்துக்கு அனுப்பிவிடும். ஒரு பேரும் விடுபடாமல் பாத்துக்கொள்ளும், என்ன?" என்று சொல்லி, சிரிப்பை மீசைக்குள் ஒளித்துக்கொண்டார்.

எழுதினேன். மாமா சைக்கிளில் வட்டுக்கோட்டைவரை தந்தி கொண்டுபோன கதையையும், கடைசிவரை ஒரு புண் இல்லாமல் இருந்தார் என்பதையும் எழுதினேன். கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். மருமக்கள்: துஷாந்தினி (கனடா), தியாகலிங்கம், இசக்கியம்மாள். அடைப்புக்குறிக்குள் களக்காடு என்றும் போட்டேன். அதற்கு மேல் வரி, பிள்ளைகள்: கோபிசங்கர் (கனடா), பத்மாசினி.

நிறுத்தினேன். மூன்றாவது பெயரை எழுதவில்லை.

இது மறதி இல்லை. தெரிந்தேதான் செய்தேன். ஆனால் அவருக்கு ஒரு வழி வைத்தேன். வாசிக்கட்டும். முதல் தடவை வாசிக்காமல்தான் விட்டது என்றால், இந்தத் தடவை வாசிக்கட்டும். நான்கே பக்கம். வாசித்து, "என்ரை பேரைக் காணேல்லையே" என்று கேட்டால் அந்த நிமிடமே சேர்த்துவிடுவேன், எல்லாவற்றையும் மறந்தும்விடுவேன் என்று என் பெயர்க்காரி மேல் சத்தியம் செய்துகொண்டேன்.

மதியம் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தவரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினேன். "பார்த்துச் சொல்லுங்க. அச்சகத்துக்குக் கொடுக்கணும்."

திறந்தார். முதல் பக்கத்தில் அப்பாவின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். இரண்டு பக்கத்தை விரலால் தள்ளினார். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் அவருடைய முகம் மலர்ந்தது.

"இஞ்சை பார், உன்ரை பேர் இருக்கு!" என்று கைப்பேசியை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "இசக்கியம்மாள், களக்காடு. இப்ப ஆறிச்சோ மனம்?"

"நல்லா வாசிச்சீங்களா? எல்லாரு பேரும் இருக்கா?"

"எல்லாம் இருக்கு. இதுக்குத்தானே இவ்வளவு சண்டை?" அவருடைய கட்டைவிரல் கைப்பேசியில் ஒரு தட்டுத் தட்டியது. என் கைப்பேசியில் பெருவிரல் படம் வந்து விழுந்தது. மலரை அப்படியே அச்சகத்துக்குத் தள்ளிவிட்டேன். முந்நூறு பிரதி.

அந்தியேட்டி நாளில் விடியக் கீரிமலைக்குப் போய்க் கிரியை முடித்து வந்தார்கள். பந்தலில் இருநூறு பேர். சாப்பாட்டுக்கு முன் நானே தட்டில் அடுக்கி ஆளுக்கு ஒரு நினைவு மலர் கொடுத்தேன். ஏரம்பு அண்ணைக்கு இரண்டு கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டார். அவர் வாசிக்காமல் விடுகிற ஆளில்லை.

"தம்பி ஜெயதீபன்" என்றார், பந்தலே திரும்பிப் பார்க்கிற குரலில். "பிள்ளையள் எண்டு கோபிசங்கரும் பத்மாசினியும் கிடக்கு. உன்ரை பேர் எங்கை?"

என் கணவர் சிரித்தார். அவருடைய கையில் இருந்த புத்தகத்தைப் புரட்டினார். சிரிப்பு நின்றது. பிறகு முதல் பக்கத்திலிருந்து, ஒரு வரி விடாமல், நின்ற இடத்திலேயே வாசித்தார். நான்கு பக்கத்தையும் வாசித்தார். கொள்ளிவைத்த மகன், அன்று காலை கீரிமலையில் பிண்டம் போட்ட மகன், மொட்டைத்தலையோடு நின்று தன் பெயரைத் தேடினார். மச்சாள் புத்தகத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். முதல் முறையாக அவருடைய கண்ணில் எனக்கு ஒரு மரியாதை தெரிந்தது.

ஜெயதீபன் என்னிடம் வந்தார். "இசக்கி, ஏனப்பா இப்பிடி?"

"ஒரு புத்தகத்திலே வந்தாலென்ன, வராட்டி என்ன?" என்றேன். "நீங்க யாருன்னு எனக்குத் தெரியும்தானே."

அவர் பதில் சொல்ல வாயெடுத்தபோது கைப்பேசி அடித்தது. கையில் புத்தகமும் கண்ணீருமாக இருந்ததால், தட்டியதும் சத்தமாக வைத்துவிட்டார் போல, எங்கள் இருவருக்கும் கேட்டது. ஜெர்மனியிலிருந்து பிலிப்பு. யாரோ புத்தகத்தைப் படம் பிடித்து அதற்குள் அனுப்பிவிட்டார்கள், மனிதர் அதையும் அச்சடித்துவிட்டார்.

"சோமரின்ரை மலர் கண்டனான், நல்லா வந்திருக்கு. ஆர் தம்பி கதைக்கிறது?"

"நான் ஜெயதீபன், ஐயா. மகன்."

கடதாசி புரண்டது. "மகனோ? அந்தப் பழைய அறிவித்தல் இப்ப கையிலை இல்லை, இதிலை கோபிசங்கரும் பத்மாசினியுமெண்டுதானே கிடக்கு. நான் ஊரை விட்டு வெளிக்கிடேக்கையும் சோமருக்கு ரெண்டு பிள்ளையள்தான். நீர் ஆர்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் உதவவில்லை. பந்தலில் சோறு பரிமாறத் தொடங்கியிருந்தார்கள். மச்சாள் தாரிகாவிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என் கணவர் கடைசிப் பக்கத்தை மறுபடி திறந்து, விரலை ஒரு வரியில் வைத்தார்.

"அதிலை மருமக்கள் எண்ட இடத்திலை இசக்கியம்மாள் எண்டு ஒரு பேர் கிடக்கெல்லே, ஐயா?"

"ஓம், கிடக்கு."

"நான் அவவின்ரை மனுசன்" என்றார்.